ஏழு வருட வார்டு அனுபவம் இருக்கிறது, வேலையை விடாமல் நர்ஸ் ஆக முடியுமா?

கேள்வி: அக்கா, எனக்கு ஊர் முக்கூடல் பக்கம், வயது 26. பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப், 1200க்கு 702 மார்க். அப்பாவுக்குச் சர்க்கரையில் கால் விரல்களை எடுத்த பிறகு வேலைக்குப் போக முடியாமல் ஆகிவிட்டது. அதனால் ஒரு வருட நர்சிங் அசிஸ்டென்ட் கோர்ஸ் முடித்து, ஏழு வருடமாக வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். சம்பளம் 9,500, வீட்டுக்கு 7,000 கொடுக்கிறேன். அம்மா பீடி சுற்றுகிறார்கள். தம்பி பாலிடெக்னிக் கடைசி வருடம். வாரா வாரம் குழுக் கடன் கட்ட வேண்டும். ஊசி, டிரிப்ஸ் எல்லாம் நானே போடுவேன், புதிதாக வரும் ஸ்டாஃப் நர்ஸுக்கே நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன், ஆனால் சம்பளம் அவர்களுக்குத்தான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வகுப்பு, 18 மாதத்தில் ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) என்று ஒருவர் சொல்கிறார், சேரலாமா? எங்கள் ஆஸ்பத்திரியில் அக்காமார், முதலில் ஏ.என்.எம். (துணை நர்ஸ் படிப்பு) படி என்கிறார்கள். அம்மா வேறு கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டார்கள். என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம், திருநெல்வேலி மாவட்டம்

பதில்:

தங்கச்சி, முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்காரரை விட்டுத் தள்ளு. துட்டு எதுவும் கொடுத்திருந்தால் ரசீதைக் காட்டித் திரும்பக் கேள். ஜி.என்.எம். மூன்று வருடப் படிப்பு, முழுநேரப் படிப்பு, கடைசி ஆறு மாதம் இன்டர்ன்ஷிப். தபாலிலோ மாலை வகுப்பிலோ ஞாயிறு வகுப்பிலோ படித்து வாங்குகிற ஜி.என்.எம். இந்தியாவில் கிடையாது. வகுப்பிலும் வார்டிலும் தனித்தனியாக 80 சதவீத வருகை இருந்தால்தான் பரீட்சைக்கு உட்கார விடுவார்கள், அதிலும் வார்டு வருகையை டிப்ளமோ கையில் வருவதற்குள் முழு நூறாக நிரப்பியாக வேண்டும். ஞாயிறு மட்டும் போய் இந்தக் கணக்கை யாரும் நிரப்ப முடியாது, ஆக அவர் கொடுக்கப் போவது ஏதோ ஒரு டிரஸ்ட் பெயர் போட்ட காகிதம். அதைச் சென்னைக்கு எடுத்துப் போனால் தமிழ்நாடு நர்ஸுகள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்ய மாட்டார்கள். பதிவு இல்லையென்றால் நீ நர்ஸ் இல்லை, அவ்வளவுதான். இன்னொரு ரகமும் உண்டு, பெயர்ப் பலகை இங்கே இருக்கும், அங்கீகாரம் வேறு மாநிலத்தில் இருக்கும், பரீட்சைக்கு மட்டும் ரயில் ஏற்றிக் கூட்டிப் போவார்கள். அதிலும் மாட்டிக்கொள்ளாதே.

இப்போது உன் பெரிய கேள்விக்கு வருகிறேன். அசிஸ்டென்டாக இருந்தபடியே ஒரு படி ஏறி நர்ஸ் ஆகும் ஏணி நம் நாட்டில் இல்லை. அமெரிக்காவில் உதவியாளராகச் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே எல்.பி.என். என்ற அடுத்த நிலை நர்ஸ், அப்புறம் ஆர்.என். என்ற முழு நர்ஸ் என்று ஏறுவதற்குத் தனிப் படிப்புகளே வைத்திருக்கிறார்கள், வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் யாராவது அதைப் பார்த்துவிட்டு உனக்கும் சொல்லியிருக்கலாம். இங்கே உன் ஏழு வருட அனுபவத்துக்கு ஒரு நாள்கூட விலக்கு கிடைக்காது. ஒரு வருட அசிஸ்டென்ட் சான்றிதழை எந்த நர்சிங் பள்ளியும் கணக்கில் எடுக்காது, பிளஸ் டூ மார்க் ஷீட்டைத்தான் கேட்கும். அநியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் இதைத் தெரிந்துகொண்டால் இன்னும் ஒரு ஆறு மாதக் கோர்ஸ், மூன்று மாத அட்வான்ஸ்டு கோர்ஸ் என்று துட்டைக் கரைக்க மாட்டாய். நீ வெளியே போய், பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு வேறு வாசல் வழியாக உள்ளே வர வேண்டும். அதனால் வேலையை விடாமல் முடியுமா என்று கேட்பதை விட்டுவிட்டு, மூன்று வருடம் நம் வீடு எப்படி ஓடும் என்று வீட்டோடு உட்கார்ந்து பேசு.

அதற்குமுன் ஊசி விஷயம். இதை நீ பெருமையாக எழுதியிருக்கிறாய், உன் கை சுத்தமான கை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, சின்ன ஆஸ்பத்திரிகளில் இப்படித்தான் நடக்கிறது என்பதும் தெரியும். ஆனால் ஒரு நாள் ராத்திரி நீ ஆன்டிபயாடிக் போட்ட நோயாளிக்கு அலர்ஜி வந்து மூச்சு முட்டினால், அந்த ஊசியை யார் போட்டது என்ற கேள்வி வரும். அப்போது மேனேஜரும் டாக்டரும் உனக்காகப் பேசுவார்கள் என்று நினைக்காதே, சொல்லாமலே போட்டுவிட்டாள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பதிவெண் இல்லாத கைக்குச் சட்டத்தில் நிழல் இல்லை. உடம்பு துடைப்பது, படுக்கை மாற்றுவது, பெட்பேன் வைப்பது, சாப்பாடு ஊட்டுவது, பி.பி., டெம்பரேச்சர் பார்த்து எழுதுவது, நோயாளியை எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போவது, இவையெல்லாம் உன் வேலை, இவற்றில் நீ கெட்டிக்காரி. நரம்பில் போடும் மருந்து, ரத்தம் ஏற்றுவது, மருந்து அளவு கணக்குப் போடுவது உன் வேலை இல்லை. ஒரேயடியாகச் சண்டை போட்டு நிறுத்த முடியாது, சம்பளம் போய்விடும். "சிஸ்டர், நீங்க வந்து போடுங்க, நான் பக்கத்தில் நிற்கிறேன்" என்று பையச் சொல்லிப் பழகு. கேஸ் ஷீட்டில் இன்னொருவர் கையெழுத்து இருக்க, மருந்தை நீ போட்டதாக ஒருபோதும் இருக்கக் கூடாது.

உனக்குக் கோபம் வரலாம், எனக்குத் தெரியாததா அந்தப் பிள்ளைக்குத் தெரியும் என்று. ஒன்று கேட்கிறேன். 500 மில்லி பாட்டில், எட்டு மணி நேரத்தில் இறங்க வேண்டும், டிரிப்ஸ் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? நீ கண்ணாலேயே திருகிச் சரியாக வைத்துவிடுவாய். கணக்கு 500-ஐ 20-ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் 20.8, அதாவது 21 சொட்டு. சரி, இதே ஆளுக்கு இதயம் பலவீனம், கிட்னியும் சரியில்லை என்றால் டாக்டர் ஏன் மெதுவாக விடச் சொல்கிறார், வேகமாகப் போனால் நுரையீரலில் முதலில் என்ன தெரியும், எந்த நேரத்தில் டாக்டரை எழுப்ப வேண்டும்? மூன்று வருடம் படிக்க வைப்பது இதற்குத்தான். ஊசி குத்துவதை யாரும் பழகிக்கொள்ளலாம்.

எதைப் படிக்கலாம் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை, ஜி.என்.எம். படி. உன் மார்க் 58 சதவீதத்துக்கு மேலே வருகிறது. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி ஜி.என்.எம்.முக்கு மொத்தத்தில் 40 சதவீதமும் இங்கிலீஷில் தனியாக 40 சதவீதமும் போதும், சயின்ஸ் குரூப்பாக இருந்தால் முன்னுரிமை. (ஆர்ட்ஸ், காமர்ஸ் படித்தவர்களும் இதைப் படிக்கலாம், அவர்களுக்கும் இதே 40 சதவீதக் கணக்குதான்.) வயது 17 முதல் 35 வரை, உனக்கு இன்னும் இடம் இருக்கிறது. பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூன்றும் சேர்த்து 45 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 40, இங்கிலீஷில் தனியாகப் பாஸ் ஆகியிருக்க வேண்டும். மார்க் ஷீட்டை எடுத்து அந்தப் பாடங்களை மட்டும் கூட்டிப் பார், தகுதி இருந்தால் அரசு கவுன்சிலிங்குக்கு ஒரு விண்ணப்பம் போட்டுவிடு, அரசு சீட் கிடைத்தால் நான்கு வருடமும் லாபம்தான். அரசு டிப்ளமோவுக்கும் போடு. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) பக்கத்திலேயே இருப்பதால் அங்கேயே கிடைத்துவிடும் என்று மட்டும் கற்பனை வேண்டாம், தமிழ்நாடு முழுவதும் போட்டி, உன்னைவிட அதிக மார்க் வாங்கிய பிள்ளைகள் நிறைய. விளக்கக் குறிப்பேட்டில் வயது நிபந்தனையைத் தனியாகப் படித்துவிடு. தனியாரிடம் காசு கட்டித்தான் படிக்க வேண்டும் என்றால் நான்காவது வருடம் உன் வீடு தாங்காது, ஜி.என்.எம். முடித்துச் சம்பளம் வாங்கிக்கொண்டே பிற்பாடு இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. பற்றி யோசிக்கலாம்.

ஏ.என்.எம்.? ஆஸ்பத்திரி அக்காமார் தப்பாகச் சொல்லவில்லை, அது இரண்டே வருடம், எந்த குரூப் படித்த பெண்ணும் சேரலாம், கிராம சுகாதார செவிலியர் வேலைக்கு அதுதான் படிப்பு. ஏ.என்.எம். முடித்தவர்கள் ஜி.என்.எம். சேர வயது வரம்பும் இல்லை. வயது 35-ஐத் தாண்டப் போகிறவர்களுக்கு அது நல்ல சுற்றுப்பாதை. உனக்கு 26. இரண்டும் மூன்றும் ஐந்து வருடம், அந்த ஐந்து வருடமும் வீடு 7,000 இல்லாமல் ஓட வேண்டும். வேண்டாம்.

பணத்துக்கு வருவோம். எல்லோரும் ஃபீஸை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். உன் கணக்கில் ஃபீஸுக்கு வங்கி இருக்கிறது, வங்கி கொடுக்காதது நீ வீட்டுக்குக் கொடுக்கும் 7,000. 36 மாதத்துக்கு 2,52,000 ரூபாய். இந்த ஓட்டையை அடைக்காமல் சேர்ந்தவர்கள்தான் இரண்டாம் வருடம் பாதியில் நிற்கிறார்கள், வகுப்பு எடுத்த எனக்குத் தெரியும், படிப்பு வராமல் நின்றவர்களைவிட வீட்டிலிருந்து போன் வந்து நின்றவர்கள் அதிகம். அதனால் இந்த வருடம் அவசரப்பட்டுச் சேராதே. அடுத்த வருடம் சேர். அதற்குள் தம்பி பாலிடெக்னிக் முடித்து எங்காவது ஏறிவிடுவான், கங்கைகொண்டானோ சென்னையோ ஓசூரோ, எங்கே போனாலும் மாதம் இவ்வளவு அக்காவுக்குப் பதிலாக நான் அனுப்புவேன் என்று அவன் வாயால், அம்மா அப்பா முன்னால் சொல்ல வேண்டும். உன் சம்பளத்தில்தானே அவன் படித்தான், கேட்பதற்குக் கூச்சப்படாதே. கேட்காமல் விட்டால் அவனும் பைக் எடுப்பான், தவணையில்.

இந்த ஒரு வருடத்தில் குழுக் கடனை முடி. புதிதாக ஒரு சுற்றும் எடுக்காதீர்கள், அம்மா பெயரிலும் வேண்டாம், பக்கத்து வீட்டு மதினிக்காகக் கையெழுத்துப் போட்டதும் வேண்டாம். ஏனென்றால் கல்விக் கடனில் அப்பாவோ அம்மாவோ உன்னோடு சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும், அவர்கள் சிபிலில் குழுக் கடன் தவணை தவறியது தெரிந்தால் மேனேஜர் உதட்டைப் பிதுக்குவார். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் நான்கு லட்சம் வரை நீ கையிலிருந்து பங்கு போட வேண்டியதில்லை, ஏழரை லட்சம் வரை சொத்து அடமானமும் கேட்கக் கூடாது. ஃபீஸ், ஹாஸ்டல், பரீட்சைக் கட்டணம், புத்தகம், யூனிஃபார்ம் எல்லாம் அதில் அடங்கும். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை ஆரம்பிக்கும், ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும், இதை மறந்துவிடாதே. குடும்ப வருமானம் வருடத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு வட்டி மானியம் உண்டு, அதற்குத் தாசில்தாரிடம் வருமானச் சான்றிதழ் எடுத்து வை. வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்தால் பிராஞ்சில் இல்லை என்று வாயால் சொல்லி அனுப்ப முடியாது, பதிவு இருக்கும்.

அம்மாவுக்குப் பீடித் தொழிலாளர் அட்டை இருக்கிறதா? உன் கடிதத்தில் எழுதவில்லை. இருந்தால் அது பெரிய விஷயம். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நலத்துறையின் உதவித்தொகை இருக்கிறது, படிப்பைப் பொறுத்து வருடத்துக்கு 1,000 முதல் 25,000 வரை, தேசிய ஸ்காலர்ஷிப் தளம் வழியாகப் போட வேண்டும். உங்கள் முக்கூடலிலேயே பீடித் தொழிலாளர்களுக்கான மத்திய அரசு ஆஸ்பத்திரி இருக்கிறதே, அங்கே ஒரு நாள் போய்க் கேட்டால் வழி சொல்வார்கள். அட்டை இல்லாமல் கைக்கடையில் சுற்றுகிறார்கள் என்றால், இப்போதே பி.எஃப். பிடிக்கும் கம்பெனிக் கடைக்கு மாற முடியுமா என்று பாருங்கள். எஸ்.சி., எஸ்.டி., மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் என்றால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000, அதைக் கல்லூரி வழியாகத்தான் போட வேண்டும், அட்மிஷன் அன்றே கேள். இது எதுவும் கைக்கு வருமுன் வரவாக எழுதாதே. வந்தால் சந்தோஷம்.

செலவிலும் கை வைக்கலாம். அப்பாவின் சர்க்கரை மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் வாங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே வரும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பிள்ளைகள்தான் இதையெல்லாம் செய்யாமல் காசு கொடுத்து வாங்குகிறார்கள், ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

படிக்கும்போது சம்பாதிக்க முடியாதா என்றால், கொஞ்சம் முடியும். காலையில் வார்டு, மதியம் வகுப்பு, ராத்திரி ரெக்கார்ட் எழுதுவது என்று நாள் போய்விடும், இதில் வாரம் முழுக்க நைட் டியூட்டி பார்ப்பேன் என்றால் மூன்றாம் மாதம் அனாட்டமி கிளாஸில் தூங்கி விழுவாய். சனி ராத்திரி ஒன்று, விடுமுறையில் சில நாள், இவ்வளவுதான். பாளையங்கோட்டையில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாகப் படுத்திருக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிற வீடுகள் நிறைய. உன்னைப் போல அனுபவமுள்ள கைக்கு அங்கே மரியாதையும் உண்டு. நேரடியாகத் தெரிந்தவர் மூலமாக மட்டும் போ, வேலையை முன்கூட்டியே பேசிக்கொள், அங்கேயும் ஊசி கிடையாது.

சொந்தமாக நர்சிங் பள்ளி வைத்திருக்கும் ஆஸ்பத்திரிகள், ஃபீஸைக் குறைக்கிறோம், முடித்துவிட்டு இங்கேயே இத்தனை வருடம் வேலை பார் என்று சொல்லலாம். மோசமில்லை, ஆனால் சம்பளம் எவ்வளவு, நடுவில் போனால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஒரிஜினல் சான்றிதழை வாங்கினால் எதை எதை வாங்கினோம் என்று கையெழுத்துப் போட்ட ரசீது வேண்டும். ஃபீஸ் எவ்வளவு என்று கேட்காதே, மூன்று வருடத்துக்கும் சேர்த்து என் கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும் என்று கேள். பஸ், யூனிஃபார்ம், வெளி ஆஸ்பத்திரிப் பயிற்சிக் கட்டணம், பரீட்சைக் கட்டணம் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

பாடத்தைப் பற்றி ரொம்பப் பயம் வேண்டாம். ஃபண்டமென்டல்ஸ் ஆஃப் நர்சிங் உனக்கு அல்வா, மற்றப் பிள்ளைகள் பெட்பேனைப் பார்த்து முகம் சுளிக்கும்போது நீ வேலையை முடித்திருப்பாய். இடறப்போவது அனாட்டமியும் இங்கிலீஷும். காத்திருக்கும் இந்த ஒரு வருடத்தில் தினமும் ஒரு கேஸ் ஷீட்டை எடுத்து, அதில் புரியாத ஐந்து சொல்லை நோட்டில் எழுதி, டியூட்டி நர்ஸிடம் கேள். நீ சொல்லிக்கொடுத்த அந்தப் புதுப் பிள்ளையிடமே கேள், அவளிடம் கேட்பதில் கௌரவம் குறையாது.

ஒன்று உண்மையாகச் சொல்லிவிடுகிறேன். படித்து முடித்த முதல் வருடம் நம் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் கிடைக்கும் சம்பளம் உன்னை ஏமாற்றும். இவ்வளவுக்கா மூன்று வருடம் என்று தோன்றும். ஆனால் பதிவெண் கையில் இருந்தால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பரீட்சை எழுதலாம், அதில் தேர்வானாலும் முதலில் தொகுப்பூதியம்தான், நிரந்தரம் ஆக வருடங்கள் பிடிக்கும், என்றாலும் அரசு வேலை. பெரிய ஊர் ஆஸ்பத்திரி, வளைகுடா எல்லாம் அந்தப் பதிவெண்ணோடு அனுபவம் சேர்ந்த பிறகு திறக்கும் கதவுகள். இப்போது இருக்கும் இடத்தில் இன்னும் பத்து வருடம் இருந்தாலும் மேலே போக உனக்குப் பதவி என்று ஒன்றே கிடையாது.

கல்யாணத்தைப் பற்றி நான் யார் சொல்ல. வருகிற மாப்பிள்ளை வீட்டில் இவள் அடுத்த வருடம் படிக்கச் சேரப் போகிறாள், மூன்று வருடம், ஃபீஸ் கடன் இவள் பெயரில் என்று பெண் பார்க்கும் அன்றே அம்மாவைச் சொல்லச் சொல். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இழுப்பவர்கள் பிறகும் பார்க்க மாட்டார்கள். நடுவில் கல்யாணம் ஆனாலும் படிக்கலாம், எத்தனையோ பேர் படித்திருக்கிறார்கள், பிள்ளைப்பேறு வந்தால் மட்டும் அந்த வருகைக் கணக்கு இடிக்கும், ஒரு பேட்ச் பின்னால் போக வேண்டியிருக்கும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: பத்தாவது, பிளஸ் டூ மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், அம்மாவின் பீடி அட்டை எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போடு. மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் அறிவிப்புகள் வர ஆரம்பிக்கும். எந்தப் பள்ளியைப் பார்த்தாலும் அதன் பெயர் இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலிலும் தமிழ்நாடு கவுன்சில் பட்டியலிலும் அந்த வருடத்துக்கு இருக்கிறதா, எத்தனை சீட் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுது. அட்வான்ஸ் கொடுப்பதற்குமுன் எழுது, கொடுத்த பிறகு எழுதாதே.